சுவருக்கு அந்தப் பக்கத்துக் கோழி

ராஜபாளையம், 1989

ஜூன் 11, ஞாயிறு

ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தால் மாமியார் உட்கார்ந்திருக்கிறார். வ. புதுப்பட்டியிலிருந்து முதல் பஸ்ஸுக்கே கிளம்பி வந்திருக்கிறார். பக்கத்தில் ஒரு ஓலைக் கூடை, அதற்குள் மகளுக்கு ஒரு பெட்டைக் கோழி. "பின்னால எடம் சும்மாதான கெடக்கு, ஒரு கூண்டு அடிச்சுக் குடுங்க மாப்ள" என்றார்.

கண்டிப்பாக முடியாது என்று சொல்லிவிட்டேன். தினமும் வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குப் போகிறவன் நான். நகல் எழுதுகிற மேஜையில் கோழி நாற்றத்தோடு போய் உட்கார முடியுமா? வக்கீல் குமாஸ்தாக்கள் என்னைத் தூக்கித் தூர வைத்துவிடுவார்கள். மாமியார் முகம் சுண்டிப் போனது. மனைவி செல்லக்கனி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். நாலு மணிக்கு மாமியார் கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். விஷயம் முடிந்தது.

ஜூன் 15

பின்சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு நாளாகத் தட்டலும் வெட்டலும். பட்டாளத்திலிருந்து ரிட்டயராகி மூன்று மாதத்துக்கு முன்னால் வந்த ஹவில்தார் காசிராஜன் வீடு அது. மனைவி இறந்து எட்டு வருஷம், ஒண்டிக்கட்டை. அவர் கோழிக்கூண்டு கட்டுகிறாராம். பட்டாளத்துக்காரர், ராஜபாளையத்துக்குப் பொருத்தமாக ஒரு நாய் வளர்க்கக் கூடாதா?

செல்லக்கனிதான் சொன்னாள். என் வயிற்றுவலிக்காக மிளகாய் போடாத சாப்பாட்டை வைத்துக்கொண்டே, நான் கேட்காமலே.

ஜூன் 18, ஞாயிறு

சுவர் என் மார்பளவுதான். பல் விளக்குகிற சாக்கில் எட்டிப் பார்த்தேன்.

அடித்தளம் செங்கல். மேலே சட்டம் அடித்துக் கம்பி வலை. அந்த வலையை ஒரு அடி ஆழம் பள்ளம் தோண்டி மண்ணுக்குள் இறக்கியிருக்கிறார், கீரியும் பெருச்சாளியும் தோண்டி வரக் கூடாதாம். கூண்டிலிருந்து வேப்பமரம் வரைக்கும் கோழிகள் மேய ஒரு அடைப்பு. அதைச் சுற்றி வரிசையாகக் கல், கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு. நன்றாகத்தான் இருக்கிறது. அதுதான் எனக்கு எரிச்சல்.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே செல்லக்கனி பக்கத்தில் வந்து நின்று குரல் கொடுத்தாள். "அண்ணாச்சி, கதவ மேக்க பாத்து வச்சிராதிய. சாரல் நேரா உள்ள அடிக்கும்." அந்த ஆளும் "சரி தங்கச்சி" என்று கதவைக் கழற்றி எடுத்துக்கொண்டு கிழக்குப் பக்கம் போனார்.

பதினாறு வருஷமாக நான் குடித்தனம் நடத்துகிறேன். என் வீட்டில் எந்தக் கதவு எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று இவள் ஒரு நாளும் சொன்னதில்லை. கேட்டிருக்கிறேனா? கேட்டதில்லை. அது வேறு விஷயம்.

ஜூன் 27

செல்லக்கனி இன்றும் அங்கேதான். சுவரில் ஏறி இறங்க இரண்டு கல் வேறு போட்டாயிற்று.

ஜூலை 7

கோர்ட் விட்டதும் கால் கிலோ பால்கோவா வாங்கி வந்தேன், சூடாக. சும்மாதான். பஸ்ஸில் கூட்டம், பொட்டலத்தைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றபடி வந்தேன். செல்லக்கனி முகம் மலர்ந்தது உண்மை. ஒரு வாய் போட்டாள். பிறகு பாதியைக் கிண்ணத்தில் எடுத்து மூடி, "அண்ணாச்சிக்கு ஒரு வாய் குடுத்துட்டு வாரேன், தனியாளு" என்று போய்விட்டாள்.

பாதி! கால் கிலோவில் பாதி!

மீதியை நான் தொடவில்லை.

ஜூலை 23, ஞாயிறு

அங்கே குஞ்சு பொரித்துவிட்டதாம். பதிமூன்று முட்டை வைத்ததில் பதினொன்று. செல்லக்கனி சிரிக்கிற சத்தம் இங்கே முன்வாசல் வரை கேட்டது. மகனைப் பாளையங்கோட்டை ஹாஸ்டலில் சேர்த்ததிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் கேட்கவில்லை. பேப்பரில் ஒரே வரியை நாலு தரம் படித்தேன்.

அண்ணாச்சி என்று கூப்பிடுகிறாள், தங்கச்சி என்று அவர் கூப்பிடுகிறார், பிறகு எனக்கு என்ன? பலசரக்குக் கடைக்காரரையும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுகிறாள். அவர் கடையில் போய் இவள் ஒரு மணி நேரம் உட்காருவதில்லையே.

ஆகஸ்ட் 4

ஆடிப்பூரம். ஸ்ரீவில்லிபுத்தூரே திருவிழாவில் இருக்கிறது, கோர்ட் விடுமுறை. ஒரு நாள் முழுக்க வீட்டில் இருந்தால்தான் வீட்டில் நடப்பது தெரிகிறது.

பத்து மணிக்குக் கம்பும் குருணையும் முறத்தில் எடுத்துக்கொண்டு போனாள். பதினொன்றேகால் வரை அங்கே. காசிராஜன் வேப்பமரத்தடியில் எதையோ செதுக்கிக்கொண்டிருந்தார், அதிகம் பேசவில்லை. இவள்தான் பேசினாள். அவரிடம்கூட இல்லை, கோழியிடம். "ஏட்டி, ஒனக்கு எம்புட்டு வேணும்? பிள்ளையளுக்கு விடுட்டி. செத்த நேரம் பொறுக்க மாட்டியா?" என்று ஒரு பழுப்புக் கோழியோடு ஓயாமல் பேச்சு. என்னோடு ஒரு வாரத்தில் பேசுகிற பேச்சை அந்த ஒன்றேகால் மணியில் பேசிவிட்டாள்.

இங்கே யார் பார்க்கப் போகிறார்கள், எழுதிவிடுகிறேன். பொறாமைதான். அவர் மேலே, அவர் கூண்டு மேலே, அந்தப் பழுப்புக் கோழி மேலே. வயிறு எரிகிறது.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

முடிவு செய்துவிட்டேன். நானும் கட்டப் போகிறேன். அவருடையதைவிடப் பெரிதாக.

ஆகஸ்ட் 24

கம்பி வலை வாங்கப் போனால், காசிராஜன் வாங்கின அதே கடையைத்தான் எல்லோரும் கை காட்டுகிறார்கள். அங்கே நான் போவதா? "ஹவில்தார் சார் கூண்டு மாதிரியா?" என்று கேட்பான். வேண்டாம்.

கோர்ட்டில் பியூன் தவசிமுத்து வழி சொன்னான். அவன் மைத்துனன் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறி போட்டிருக்கிறான். கழிவு போன துணி கட்டுக் கட்டாகக் கிடக்கிறதாம், காற்று போகும், கொசுவும் வராதாம். கண்ணி கண்ணியாக இருக்கிறது, வலை மாதிரிதான். மூன்று மடிப்பாக அடித்தால் போதும் என்று தோன்றியது.

செப்டம்பர் 3, ஞாயிறு

இரண்டு ஞாயிறு வேலை. கட்டைவிரலில் சுத்தியல் பட்டு நகம் கறுத்துவிட்டது. கூண்டு எழுந்துவிட்டது, அடைப்பும் உண்டு, எல்லாம் வெள்ளை வெளேர் என்று. கதவை மேற்குப் பார்த்து வைத்தேன். அவருடையது கிழக்கு.

செல்லக்கனியைக் கூப்பிட்டுக் காட்டினேன். சுற்றி வந்து பார்த்தாள், துணியை விரலால் ஒரு சுண்டு சுண்டினாள்.

"யாருக்கு இது?"

"உனக்குத்தான்."

"நான் இப்பம் கேக்கலியே" என்றாள். கேலியாக இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். அதற்குக் கேலியே செய்திருக்கலாம்.

செப்டம்பர் 4

தவசிமுத்து கோர்ட் முழுக்கச் சொல்லிவிட்டான். "சார் வீட்டுக் கோழிக்கு எப்பம் ஆபரேஷன்?" என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள்.

செப்டம்பர் 10, ஞாயிறு

சந்தையில் ஆறு கோழி வாங்கினேன். எல்லாம் வளர்ந்த கோழி, வெள்ளை வெளேர் என்று. குஞ்சிலிருந்து ஆரம்பித்தால் நான் எப்போது அவரை எட்டிப் பிடிப்பது?

கூண்டுக்குள் விடும்போது சுவருக்கு மேலே காசிராஜன் தலை. "சார், சந்தைக் கோழி. பதினஞ்சு நாளு தனியா வீட்டு முன்பக்கம் கட்டிப் போட்டுப் பாருங்க. கழிச்சல் சீக்கு சுத்துதுன்னு கால்நடை ஆசுபத்திரியில சொன்னாவ. நம்ம கோழிகளுக்கே அடுத்த வாரந்தான் ஊசி. ஒங்களதையும் சேத்துக் கொண்டுபோறேன்."

நம்ம கோழி என்று எதைச் சொல்கிறார்? யார் அந்த "நம்ம"?

"எனக்குத் தெரியும் சார்" என்று சொல்லிவிட்டேன். எனக்கு ஒன்றும் தெரியாது. வேறு யார் சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பேன்.

செப்டம்பர் 13

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் செல்லக்கனி அரிவாள்மணையோடு அடைப்புக்குள் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு கோழியின் காலில் துணி நூல் சுற்றிச் சுற்றி இறுகி, அது குப்புறக் கிடந்திருக்கிறது. நூலை அறுத்து எடுத்தாள். நேற்றைய சாரலில் மேற்குப் பக்கத் துணி நனைந்து தொங்கிவிட்டது. கோழிகள் கொத்திக் கொத்தி ஓட்டை போட்டுவிட்டன.

மூன்று கோழி சுவர் தாண்டி அங்கே போய், அவர் கோழிகளோடு சேர்ந்து மேய்ந்துகொண்டிருந்தன. என் கோழிக்கும் அந்த வீடுதான் பிடித்திருக்கிறது!

காசிராஜன் பிடித்துக் கொடுத்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லித் தொலைத்திருக்கலாம்.

செப்டம்பர் 16

இரண்டு கோழி கழுத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கின்றன. வெள்ளையாகக் கழிகிறது.

செப்டம்பர் 18

ஆறில் ஐந்து போய்விட்டது. நான் பின்பக்கம் போகவே இல்லை. செல்லக்கனிதான் குழி தோண்டினாள்.

செப்டம்பர் 21

அங்கேயும் ஆரம்பித்துவிட்டது. காலையில் நாலு, சாயங்காலம் மூன்று. ஊசி போட நாளை மறுநாள் போவதாக இருந்தாராம்.

உள்ளதை எழுதுகிறேன். கேட்டதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு கணம் இல்லை, நன்றாகவே. சுண்ணாம்புக் கல், கம்பி வலை, கிழக்குக் கதவு, என்ன ஆயிற்று எல்லாம்? இனி இவள் எங்கே போவாள்? சாப்பாடுகூட ருசியாக இருந்தது.

ஆறாவது கோழியும் இன்று செத்தது. அதைப் பற்றி ஒன்றும் தோன்றவில்லை.

செப்டம்பர் 22

செல்லக்கனி பின்வாசலில் உட்கார்ந்து அழுதாள். அந்தப் பழுப்புக் கோழி செத்துவிட்டதாம். ஊரான் வீட்டுக் கோழிக்கு இப்படி ஒரு அழுகையா? என் கோழி ஆறும் செத்தபோது கண் கலங்கினாளா? எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "என் அப்பா செத்தப்பகூட நீ இப்படி அழலை" என்று கத்தினேன்.

என்னை ஏறிட்டுப் பார்த்தாள். அவ்வளவுதான். எழுந்து போய் முகம் கழுவிவிட்டு உலை வைத்தாள்.

அக்டோபர் 8, ஞாயிறு

காசிராஜன் கூண்டைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, வெயிலுக்குத் திறந்து போட்டிருக்கிறார். இரண்டு குஞ்சு பிழைத்ததாம், ஒரு சேவல், ஒரு பெட்டை. வீட்டுக்குள்ளேயே பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்து, அதற்குள் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்.

என்னைப் பார்த்தால் இப்போதும் "என்ன சார்" என்று சிரிக்கிறார். அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை.

நவம்பர் 19, ஞாயிறு

சபையில் அறுப்பின் பண்டிகை. வயலில் விளைந்தது, வீட்டில் வளர்ந்தது, எதிலும் முதல் பலனைக் காணிக்கையாகக் கொண்டுவந்து வைப்பார்கள். ஆராதனைக்குப் பிறகு ஏலம். நாங்கள் வழக்கமாக ஒரு தார் வாழைப்பழம் வாங்கிக் கொடுப்போம்.

நான் வாழைத்தாரோடு நிற்கிறேன். செல்லக்கனி பின்சுவர்ப் பக்கமிருந்து வருகிறாள், பட்டுச் சேலை, இடுப்பில் ஒரு சேவல். காலைச் சணலால் கட்டியிருந்தது. காசிராஜனுடைய சேவல்.

எனக்குக் கண் இருட்டியது. "அவன் கோழியை நீ எதுக்குச் சபைக்குத் தூக்கிட்டு வாறே? அவன் குடுத்தா நீ வாங்கிக்கிடுவியா? நாலு பேரு என்ன சொல்லுவாவ?" என்று தெருவில் நின்று கத்தினேன்.

அவள் சத்தம் போடவில்லை. சேவலை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு சொன்னாள்.

"இது என் கோழி. அன்னைக்கு எங்கம்மா திருப்பிக் கொண்டுபோனது வெறுங்கூடை. கோழிய அண்ணாச்சிட்ட வாரத்துக்கு விட்டேன். வளக்குறது அவிய, குஞ்சுல பாதி எனக்கு. மொத சேவல சபைக்குக் குடுக்கதா நேந்திருந்தேன். ஒங்க வயித்துவலி நிக்கணும்னு."

வாரம். எனக்குத் தெரியாத வழக்கமா? ஊரில் கோழி, ஆடு, மாடு எல்லாம் வாரத்துக்கு விடுகிறவர்கள்தான். எத்தனை வார வழக்கு நானே நகல் எடுத்திருக்கிறேன்!

"நீ ஏன் எங்கிட்ட சொல்லல?"

"கோழி கெடயாதுன்னு நீங்கதான சொன்னிய."

அந்தப் பழுப்புக் கோழி. ஜூன் மாதம் கூடையில் வந்த அதே கோழி. நான் அடையாளம் காணவில்லை. எப்படிக் காண்பேன்? அன்றைக்கு நான் பார்த்தது கூடையை மட்டும்தான்.

நடந்துகொண்டே இன்னொன்றும் சொன்னாள். "ரெண்டுதான் பொழச்சுது, ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கிடுவோம்னு சொன்னேன். அவிய கேக்கல. செத்ததெல்லாம் என் பங்கு, பொழச்ச ரெண்டும் ஒன் பங்கு தங்கச்சின்னுட்டாவ."

ஏலத்தில் "செல்லக்கனி ஞானதுரை காணிக்கை, சேவல் ஒன்று" என்று கூவினார்கள். என் பேரும் சேர்ந்து வந்தது. முதல் ஏலக் கேள்வி நான் கேட்டேன், கடைசிக் கேள்வியும் நான்தான் கேட்டேன். நடுவில் யாரையும் விடவில்லை. பக்கத்து பெஞ்சுக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். சேவலைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நான்தான் நடந்தேன். வெள்ளைச் சட்டை முழுக்க எச்சம்.

நவம்பர் 20

செத்தது என் மனைவியின் கோழிகள். கொன்ற சீக்கு என் கூண்டிலிருந்து போனது. சாப்பாடு ருசியாக இருந்தது என்று இதே நோட்டில் எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கத்தைக் கிழிக்கலாமா? கிழித்தால்?

நவம்பர் 26, ஞாயிறு

கிழிக்கவில்லை. காலையில் சுவர்க் கல்லில் முதன்முதலாக நான் ஏறி அந்தப் பக்கம் போனேன். சீக்கு என் கோழியிலிருந்துதான் வந்தது என்று காசிராஜனிடம் சொன்னேன். "தெரியும் சார். காபி குடிக்கியளா?" என்றார். அந்த மனுஷன் மேலே எனக்கு இன்னும் பொறாமை போகவில்லை. முன்னால் கூண்டு நன்றாக இருக்கிறதே என்று பொறாமை. இப்போது, செத்ததெல்லாம் என் பங்கு என்று ஒரு வாயால் சொல்ல முடிகிறதே என்று. எனக்கு வருமா? எங்கே வரும்!

வீட்டுக்கு வந்து செல்லக்கனியிடமும் சொன்னேன். சீக்கைப் பற்றி மட்டும் இல்லை, சந்தோஷப்பட்டதையும். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். "கோழி சாவுததுக்கா?" என்றாள். ஆமாம் என்றேன். கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

டிசம்பர் 3, ஞாயிறு

பேச்சு இல்லை. சாப்பாடு உண்டு, காபி உண்டு, பேச்சு இல்லை.

டிசம்பர் 17, ஞாயிறு

பேண்டேஜ் துணியை எல்லாம் பிரித்து எரித்தேன். காசிராஜன் வாங்கின கடைக்கே போய்க் கம்பி வலை வாங்கினேன். "ஹவில்தார் சார் கூண்டு மாதிரியா?" என்று நான் நினைத்தபடியே கேட்டான். ஆமாம் என்றேன்.

எவ்வளவு ஆழம் பள்ளம், எத்தனை ஆணி என்று சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக் கேட்டுச் செய்தேன். கதவுக்கு மட்டும் அவரிடம் கேட்கவில்லை. செல்லக்கனியைக் கூப்பிட்டு, "கதவை எந்தப் பக்கம் வைக்க?" என்றேன். மூன்று வாரத்துக்குப் பிறகு வாய் திறந்தாள். "கெழக்க."

டிசம்பர் 25

மகன் ஹாஸ்டலிலிருந்து வந்திருக்கிறான். சேவலைக் கறி வைக்கலாமே என்றான். நானும் அவளும் ஒரே நேரத்தில் "ஏலே!" என்று அதட்டினோம். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பியதைப் பார்த்தேன்.

1990 ஜனவரி 21, ஞாயிறு

சேவல் மட்டும் தனியாகக் கூண்டில். ஊசி போட்டாயிற்று. பெட்டை இன்னும் காசிராஜன் வீட்டில்தான். நான் கேட்கவில்லை. செல்லக்கனியும் கொண்டுவருகிறதாக இல்லை. தினமும் பத்து மணிக்கு முறத்தோடு அங்கே போகிறாள். போகட்டும். எனக்கு எரிகிறது, போகட்டும்.

பிப்ரவரி 4, ஞாயிறு

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு செல்லக்கனி சுவர் தாண்டி வந்தாள், கையில் கூடை. என் முன்னால் வைத்துவிட்டு நின்றுகொண்டே பேசினாள்.

"முட்டைக்கு வந்துட்டு. வாரத்துக்குத்தான் விடுதேன், தூக்கிக் குடுக்கல. வளக்குறது நீங்க, குஞ்சுல பாதி எனக்கு. சம்மதமா?"

சம்மதம் என்றேன். அத்தோடு வாயை மூடியிருக்கலாம். "காசிராஜனுக்கும் இதே வாரந்தானே?" என்று கேட்டுவிட்டேன்.

"வாரம் அதேதான். அவியளுக்கு நம்பிக் குடுத்தேன், ஒங்களுக்குப் பாத்துத்தான் குடுக்கேன்" என்றாள்.

இந்தத் தடவை கூடையைத் திறந்து கோழியைப் பார்த்தேன். தாயைப் போலவே பழுப்பு, கழுத்தில் மட்டும் கறுப்பு ஓடுகிறது. இடது காலில் ஒரு நகம் பாதிதான். வலது கண்ணுக்கு மேலே ஒரு வெள்ளைப் புள்ளி. தூக்கினால் முதலில் உதறுகிறது, நெஞ்சோடு அணைத்தால் அடங்குகிறது. கூண்டில் விட்டேன். சேவலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சாயங்காலம் வரை காசிராஜன் சுவரைப் பார்த்தே நின்றது. குருணையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நானும் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இருட்டுகிற நேரத்துக்கு இரண்டு கொத்து கொத்திற்று.

புது இடம், பகலில் தனியாக இருந்தால் மிரளும் என்கிறாள் செல்லக்கனி. நாளைக்கு அரை நாள் லீவு எழுதிக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன்.